புது பூட்ஸ் ஏன் கடிக்கிறது?

1912-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. புது பூட்ஸ் கைக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு தண்ணீரில் போய் நில் என்றது அந்த உத்தரவு. ஆழம் அதிகம் வேண்டாம், சுமார் 6 செ.மீ. போதும். அப்படியே 5 நிமிடம் நிற்க வேண்டும். தோல் நன்றாக ஊறி இளகியதும் வெளியே வந்து, சமதரையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பூட்ஸ் காலில் இருந்தபடியே உலர வேண்டும். கழற்றிய பிறகு கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும்.

புது ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டு வந்தால் நம் வீட்டில் அர்ச்சனைதான் நடக்கும். ராணுவத்திலோ அதை விதியாகவே எழுதி வைத்தார்கள்!

காரணம் இருந்தது. அந்தக் காலத்துப் படை நாள் முழுக்க நடந்தே போகும். முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி. எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காலில் கொப்புளம் வந்து ஓரமாக உட்கார்ந்துவிடும் வீரர்கள் ஏராளம். இதற்கு வழி காண 1908-ல் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவில் முக்கியமானவர் எட்வர்ட் லைமன் மன்சன் என்ற ராணுவ மருத்துவர். சுமார் 2,000 வீரர்களின் பாதங்களை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தண்ணீரில் நிற்கச் சொன்ன உத்தரவு அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான்.

தண்ணீர், நடை, எண்ணெய். இந்த மூன்றும் தோலுக்குள் என்ன செய்கின்றன? அது மட்டும் புரிந்துவிட்டால், பூட்ஸைப் பழக்குவது, துடைப்பது, உலர்த்துவது எல்லாமே சுலபமாகப் புரிந்துவிடும்.

இவ்வளவு கனமான பூட்ஸ் யாருக்கு?

பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ஷூ வேறு, வேலைக்குப் போடும் பூட்ஸ் வேறு. சுரங்கத்தில் இறங்குபவர், வெல்டிங் வைப்பவர், இரும்புக் கம்பிகளைத் தூக்குபவர் இவர்கள் எல்லாம் போடுவது தடித்த தோல் பூட்ஸ். முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தால் 'டக் டக்' என்று கேட்கும். விரல்களுக்கு மேலே உள்ளே ஒரு எஃகுக் கவசம் இருக்கிறது. பாதுகாப்புக் காலணிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15298. இதன்படி அந்தக் கவசம் 200 ஜூல் ஆற்றலோடு விழும் அடியைத் தாங்க வேண்டும். 200 ஜூல் என்றால் எவ்வளவு? 20 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விரல்மேல் போட்டால் விழும் அடி கிட்டத்தட்ட அவ்வளவுதான். நினைத்தாலே காலை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது, இல்லையா?

அமெரிக்கக் காடுகளில் தீயை அணைக்கப் போகிறவர்களுக்கும் பூட்ஸ் விதி உண்டு. தோலால் செய்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 8 அங்குல உயரம் வேண்டும். லேஸ் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அடிப்பாகமான சோல் சூட்டில் உருகக் கூடாது. ஏன் தோல்? நைலான் துணி சூடு பட்டால் உருகிக் காலில் ஒட்டிக்கொள்ளும். தோல் உருகாது, மிஞ்சிப்போனால் கருகும். அந்த ஒரு வித்தியாசம் காலைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் இந்த பூட்ஸ்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. புதிதாக இருக்கும்போது வளையவே வளையாது. குதிகாலைக் கடிக்கும், சுண்டுவிரலைக் கடிக்கும், கணுக்காலைக் கடிக்கும்.

தோலுக்குள்ளே என்ன இருக்கிறது?

மாட்டுத்தோலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். மேலே மிக நெருக்கமான, மெல்லிய இழைகள். முடி முளைத்திருந்த துளைகள் அங்கங்கே தெரியும். அதற்குக் கீழே தடித்த இழைக் கட்டுகள், மேலும் கீழும் பக்கவாட்டிலும் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும். துணியில் ஊடும் பாவும் ஒழுங்காக ஓடுவதால், ஒரு முனையைக் கிழித்துவிட்டால் நூல் ஓட்டத்திலேயே 'சர்ர்'ரென்று கிழிந்துவிடும். தோலில் அப்படி ஓட்டம் கிடையாது. கிழிசல் எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே ஓர் இழைக் கட்டு வந்து மறிக்கும்.

இந்த இழைகள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. உங்கள் தோலிலும், எலும்பிலும், தசையை எலும்போடு கட்டும் நாணிலும் அதே கொலாஜன் இருக்கிறது. ஒரு மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறு ஆகின்றன. தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நார் புரியாகி, புரி கயிறாகி, பல கயிறுகள் சேர்ந்து தேரையே இழுக்கும் வடமாகிறது அல்லவா? கொலாஜன் மூலக்கூறுகளும் அந்த மாதிரிதான் சேர்ந்து சேர்ந்து நுண்ணிழையாகி, இழையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியும் கட்டாகின்றன. பழைய பெல்ட் ஒன்று அறுந்து கிடந்தால் அறுந்த விளிம்பை உற்றுப் பாருங்கள். பிசிர் பிசிராக நீட்டிக்கொண்டிருப்பவைதான் அந்தக் கட்டுகள்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் பாக்டீரியா தின்று அழுகிப்போகும். காயவைத்தால் பலகையாக விறைக்கும். சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். இதையெல்லாம் தடுக்கத்தான் தோலைப் பதனிடுகிறார்கள். பட்டைகளிலும் காய்களிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளைப் பிணைத்து நிறுத்தும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தன. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஷூவுக்குப் போகும் தோலில் பெரும்பகுதி குரோமியத்தில் பதனிட்டதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில் பெரிதாக நடக்கிறது. குரோமியத்தில் ஊறி வெளியே வரும் தோல் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்காது. வெளிர் நீலமாக இருக்கும்! பதம் சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். துண்டு சுருங்காமல் அப்படியே கிடந்தால் தேறிவிட்டது. இந்த மாதிரி விஷயங்களை ஆராய்வதற்கென்றே 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

பதனிட்ட பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. எண்ணெயைத் தண்ணீரில் பால் நிறமாகக் கலக்கி, பெரிய டிரம்களில் தோலோடு சேர்த்துச் சுழற்றுவார்கள். எண்ணெய் ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய படலமாகப் படியும். இந்தப் படலம் இல்லாவிட்டால், தண்ணீர் வற்றும்போது பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் தோல் விறைக்கும். எண்ணெய் இருந்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வழுக்கினால் தோல் வளையும்.

இதுதான் சூட்சுமம். தோல் வளைவது இழை நகர்வதால். தோல் விறைப்பது இழை ஒட்டிக்கொள்வதால். இனி வருவதெல்லாம் இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

பழகும்போது என்ன நடக்கிறது?

காலணி செய்பவர்கள் தோலை வெட்டி, பாதத்தின் வடிவில் இருக்கும் கட்டைமேல் இழுத்துப் போர்த்தித்தான் பூட்ஸின் வடிவத்தைக் கொண்டுவருவார்கள். இந்தக் கட்டைக்கு லாஸ்ட் என்று பெயர். அதாவது, புது பூட்ஸ் அந்தக் கட்டைக்குத்தான் பொருத்தமாக இருக்கும். உங்கள் சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கலாம், குதிகால் எலும்பு புடைத்திருக்கலாம். அதெல்லாம் கட்டைக்குத் தெரியாது.

நீங்கள் நடக்கிறீர்கள். ஒவ்வொரு அடியிலும் விரல்கள் தொடங்கும் இடத்தில் பூட்ஸ் மடங்குகிறது. அங்கே இருக்கும் இழைகள் இழுபட்டு, கொஞ்சம் நகர்கின்றன. அடியை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன. ஆனால் முழுதாகத் திரும்புவதில்லை. ரப்பர் பேண்டு இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். தோல் அப்படியில்லை. ஒவ்வோர் அடிக்கும் மிச்சம் வைக்கும் அந்தச் சிறு நகர்வு, ஆயிரக்கணக்கான அடிகளில் சேர்ந்து சேர்ந்து உங்கள் பாதத்தின் வடிவத்தைத் தோலில் எழுதிவிடும். புடைத்த எலும்புக்கு எதிரே ஒரு சிறு குழி விழும். மடங்கும் இடத்தில் கோடுகள் விழும்.

இதற்குக் காலே துணை செய்கிறது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. வியர்வையின் ஈரமும் உடம்பின் சூடும் தோலுக்குள் போகின்றன. ஈரம் இழைகளுக்கு நடுவே புகுந்தால் அவை சுலபமாக நகரும். மன்சனின் வீரர்கள் தண்ணீரில் நின்ற காரணம் இப்போது புரிகிறதா? வியர்வை பல நாளில் செய்யும் வேலையை அவர்கள் 5 நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பிறகு நடந்து, இழைகளைப் பாதத்துக்கு ஏற்ப நகர்த்தினார்கள். காலிலேயே உலரவிட்டு, நகர்ந்த இடத்திலேயே நிற்க வைத்தார்கள். ஈரம் போகும்போது எண்ணெயும் கொஞ்சம் போயிருக்குமே? அதற்குத்தான் கடைசியில் எண்ணெய்.

சில பூட்ஸ்களில் பாதம் படும் உள்ளடிக்கும் சோலுக்கும் நடுவே பொடித்த கார்க்கை நிரப்பியிருப்பார்கள். கார்க் மரப்பட்டையில் காற்றறைகள் நிறைய உண்டு. உங்கள் எடை அதிகமாக விழும் இடங்களில் அந்தக் கார்க் அமுங்கி, பாதத்தின் அச்சாக மாறிவிடும். ஆகவே பழகுவது மேல்தோல் மட்டும் இல்லை. காலுக்கு அடியிலும் ஒரு பழக்கம் நடக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மன்சனின் முறையை உங்கள் ஷூவில் செய்து பார்க்காதீர்கள்! இன்றைய பூட்ஸ்களில் பசை, நுரை, அட்டை, பிளாஸ்டிக் எல்லாம் கலந்திருக்கின்றன. தண்ணீரில் ஊறினால் அட்டை உப்பும், பசை விடும். வீட்டுக்குள்ளே தடித்த சாக்ஸ் போட்டு முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போவதுதான் நல்லது. காட்டுத் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லப்படுவதும் இதுதான்: தீக்காலம் தொடங்குவதற்கு முன்பே பூட்ஸைப் பழக்கிவிட வேண்டும். எரியும் மலைச்சரிவில் புது பூட்ஸோடு நிற்கக் கூடாது.

கொப்புளம் எப்படி வருகிறது?

வலது கை ஆட்காட்டி விரலின் நுனியை இடது புறங்கையில் வைத்து லேசாக அழுத்துங்கள். வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மேல்தோல் விரலோடு சேர்ந்து வருகிறது. அடியில் இருக்கும் எலும்பு அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் தோல் அடுக்குகள் இரண்டு பக்கமும் இழுபடுகின்றன.

பூட்ஸுக்குள் நடப்பதும் இதுதான். விறைத்த பூட்ஸ் வளையாததால், காலை எடுக்கும்போது குதிகால் உள்ளேயே மேலே எழும்புகிறது. காலின் தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்கிறது. எலும்பு மட்டும் மேலும் கீழும் போகிறது. இப்படியே பலமுறை இழுபட்டால், மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் பிய்ந்து ஒரு சின்ன இடைவெளி உண்டாகும். சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் கசிந்து அதை நிரப்பும். அதுதான் கொப்புளம். வெறுமனே மேலே தேய்வதால் வருவது சிராய்ப்பு; கொப்புளம் உள்ளே இழுபடுவதால் வருவது.

லேசாக ஈரமான தோல், உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும். அதனால்தான் வியர்த்த காலில் கொப்புளம் சீக்கிரம் வருகிறது. மலையேறுபவர்கள் சிலர் மெல்லிய சாக்ஸுக்கு மேலே தடித்த சாக்ஸ் போடுவார்கள். அப்போது வழுக்கல் சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவே நடந்து முடிந்துவிடும், தோல் தப்பித்துவிடும். கொப்புளம் வந்துவிட்டால் கிள்ளாதீர்கள். மேலே இருக்கும் அந்த மெல்லிய தோல்தான் கிருமி உள்ளே போகாமல் காக்கும் மூடி. 'சுருக்'கென்று ஓர் இடம் சூடாகத் தெரிந்தவுடனேயே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிடுவது அதைவிடப் புத்திசாலித்தனம்.

எல்லாக் கடிக்கும் பழக்கம் மருந்து ஆகாது. அளவு சின்னதாக இருந்தால் எத்தனை நாள் நடந்தாலும் கடிக்கத்தான் செய்யும். பூட்ஸின் தோல் அகலத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. மன்சன் குழு இதற்கும் ஒரு வழி சொன்னது. வீரரின் முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ சுமையை ஏற்றி, முழு எடையும் ஒரே காலில் விழும்படி நிற்க வைத்துத்தான் பாதத்தை அளக்க வேண்டும். எடை விழுந்தால் பாதம் நீளும், அகலும். உட்கார்ந்து அளந்தால் பொய்யான அளவுதான் கிடைக்கும். சாயங்காலத்தில் கால் லேசாக வீங்கியிருக்கும். ஆகவே ஷூ வாங்க ஏற்ற நேரமும் அதுவே.

துடை, உலர்த்து, எண்ணெய் வை

பழகிய பூட்ஸைப் பல ஆண்டு வைத்திருப்பதும் அந்த இழைகளின் கதைதான்.

முதலில் மண். காய்ந்த சேறு தோலிலிருந்து ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். மடிப்புக் கோடுகளில் சிக்கிய மணல், ஒவ்வோர் அடிக்கும் இழைகளை அரத்தால் ராவுகிற வேலையைச் செய்யும். ஆகவே கழற்றியதும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் உப்பு. வியர்வையிலோ வெளித் தண்ணீரிலோ கரைந்திருந்த உப்பு, தண்ணீர் ஆவியாகும்போது மேலே வந்து படிகமாகியிருக்கிறது. ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தால் போய்விடும்.

அடுத்தது உலர்த்துவது. பூட்ஸ் கெடுவது நனைந்ததால் அல்ல, தப்பாக உலர்த்துவதால். அடுப்புப் பக்கம், மொட்டைமாடி வெயில், ஹேர் டிரையர் இவையெல்லாம் கூடாது. ஈரமாக இருக்கும் கொலாஜனைச் சூடு சுலபமாகச் சுருக்கிவிடும். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் 75 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கத் தொடங்கும். அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும், வேகமாக உலரும்போது இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்; சோலைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். லேஸைத் தளர்த்தி, உள்ளடியை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். தாள் ஈரத்தை இழுக்கும், பூட்ஸின் வடிவத்தையும் தாங்கும். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும்.

காலணிக்குள் எதையாவது திணிப்பது ரொம்பப் பழைய வழக்கம்! 2008-ல் ஆர்மீனிய நாட்டு அரேனி குகையில் ஒரு தோல் காலணி கிடைத்தது. வயது சுமார் 5,500 ஆண்டு. ஒரே துண்டு மாட்டுத்தோலை மடித்து, தோல் வாராலேயே லேஸ் போட்டிருந்தார்கள். உள்ளே புல் திணித்திருந்தது. குளிருக்கு இதமாக இருக்கவா, வடிவம் கெடாமல் இருக்கவா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ஆட்டுப் புழுக்கைப் படலம் மேலே மூடியிருந்ததாலும், குகை குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் இருந்ததாலும் அது அழியாமல் தப்பித்தது. ஈரம் இல்லையென்றால் தோல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பிறகு எண்ணெய். பூட்ஸுக்கென்று பேர்போன ஒரு பழைய எண்ணெய், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. மன்சனின் வீரர்கள் தடவியதும் அதுதான். உடம்பில் கொழுப்புக்கா பஞ்சம், ஏன் காலிலிருந்து எடுத்தார்கள்? மாட்டின் உடம்புக்குள்ளே சூடு சுமார் 38 டிகிரி. குளிர் நாட்டில் பனித்தரையில் நிற்கும் கால்களோ அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். உடம்பில் இருக்கும் கொழுப்பே காலிலும் இருந்தால் உறைந்துபோகும். ஆகவே காலில் இருக்கும் கொழுப்பு, குளிரிலும் திரவமாகவே இருக்கும் வகை. அதே குணத்தால்தான் அது தோலுக்குள் எளிதாக இறங்குகிறது, குளிரில் பூட்ஸ் விறைக்காமலும் வைக்கிறது.

நம் ஊரில் புதுச் செருப்பு கடிக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். இழைகளுக்கு நடுவே எண்ணெய் புகுந்தால் அந்த இடம் இளகும்; ஆகவே அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊட்டிக் குளிரில் அது இழைகளுக்கு நடுவே கட்டியாக நிற்கும்.

எந்த எண்ணெயானாலும் கொஞ்சம்தான். அளவு மீறினால் இழைகள் தேவைக்கு மேல் வழுக்கும்; தோல் தொளதொளத்துக் கணுக்காலைத் தாங்காமல் போகும். தேன்மெழுகு கலந்த பூச்சு வேறு வேலை செய்கிறது. அது பெரும்பாலும் மேலேயே நின்று தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிறது. மெழுகு பூசிய தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாகத் திரண்டு நிற்கும். பூசாத இடத்தில் பரவி ஊறிவிடும். தையல் ஓடும் இடத்தில் பூச மறக்கக் கூடாது. ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

ஓய்வும் வேண்டும். நாள் முழுக்க உறிஞ்சிய வியர்வை ஒரே இரவில் முழுதாக வெளியேறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் தோலும் நீடிக்கும், நாற்றமும் குறையும். மழைக்காலத்தில் பூட்டிய அலமாரிக்குள்ளே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தோலில் இருக்கும் எண்ணெயும் அழுக்கும் அதற்குச் சாப்பாடு. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துடைத்து, காற்றாட வையுங்கள். உள்ளே துடைத்தால் பூஞ்சையின் விதைத்தூள் வீடெங்கும் பறக்கும்.

போடாமலே உடையும் சோல்

விலை உயர்ந்த பூட்ஸை 'நல்ல நாளில் போடலாம்' என்று சிலர் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். சில ஆண்டு கழித்து எடுத்துப் போட்டால், நாலு அடி நடப்பதற்குள் சோல் பொலபொலவென்று உதிரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார்கள். காரணம் வேதியியல். பல சோல்கள் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. காற்றில் இருக்கும் நீராவி அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டு துண்டாக அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் இது வேகமாக நடக்கும். அடிக்கடி போட்டு, காற்றாட வைப்பதே அதற்கு நல்லது.

தைத்த ரப்பர் சோலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் வாரோடு சேர்த்துத் தைத்து, அந்த வாரோடு சோலைத் தனியாகத் தைக்கும் முறை ஒன்று உண்டு. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இதற்கான இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் குட்இயரின் மகன்தான் இவர். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புது சோல் தைக்கலாம். பழகிய மேல்தோல் அப்படியே இருக்கும். கடையில் பூட்ஸ் பார்க்கும்போது சோலின் ஓரத்தைச் சுற்றி நிஜமான தையல் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். சிலவற்றில் தையல் வெறும் அலங்காரமாக அச்சடித்திருக்கும்!

செய்து பாருங்கள்

1. ஒரு தாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அதே தாளில் எழுந்து நின்று இன்னொரு நிறப் பென்சிலால் போடுங்கள். பிறகு பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று மூன்றாவது கோடு. (நீங்களே குனியாமல், யாரையாவது போடச் சொல்லுங்கள்.) எங்கே அகன்றிருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள்.

2. செருப்புத் தைப்பவரிடம் கேட்டு ஒரே தோலில் மூன்று கழிவுத் துண்டுகள் வாங்குங்கள். மூன்றையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஒன்றைக் கடும் வெயிலில் காயவையுங்கள். இன்னொன்றை நிழலில். மூன்றாவதை நிழலில் வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துவிடுங்கள். நன்றாக உலர்ந்ததும் மூன்றையும் மடக்கிப் பாருங்கள். எது அதிகமாக முரண்டு பிடிக்கிறது?

யோசித்துப் பாருங்கள்

கேள்வி: எண்ணெயை ஏன் லேசான ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும்?
விடை: ஈரமான தோலில் இழைகள் இன்னும் விலகியே இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகி வெளியேறும் இடத்தில் எண்ணெய் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எலும்பாகக் காய்ந்த பிறகு தடவினால், இழைகள் ஏற்கெனவே ஒட்டியிருக்கும்.

கேள்வி: அண்ணன் இரண்டு வருடம் போட்டுப் பழக்கிய பூட்ஸ் உங்களுக்குச் சரியான அளவாகவே இருக்கிறது. பழகியதுதானே, கடிக்காது என்று வாங்கிப் போடலாமா?
விடை: தோல் இளகியிருக்கும், உண்மைதான். ஆனால் அதன் குழிகளும் மடிப்புகளும், உள்ளே அமுங்கிய அச்சும் அண்ணனின் பாதத்துக்கு உரியவை. உங்கள் விரல் மடங்கும் இடம் அரை அங்குலம் தள்ளியிருந்தால், பழைய மடிப்பு உங்கள் விரல்மேல் வந்து அழுத்தும். உள்ளடியை மாற்றி, முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.